அது நாதஸ்வரம் இல்லை, மச்சான்

மச்சான்,

இதை உன்னிடம் தவிர வேறு யாரிடமும் சொல்ல முடியாது. போன ஞாயிற்றுக்கிழமை எறையூரில், சம்பந்தி வீட்டு வாசலில், மருமகன் காருக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டுத் தனியாக உட்கார்ந்திருந்தேன். கண்ணை மூடியிருந்தேன். வாய் திறந்திருந்தது என்று பிறகுதான் தெரிந்தது. சம்பந்தியம்மா வந்து தட்டித் தட்டிப் பார்த்துவிட்டுக் கடைசியில் கதவையே திறந்துவிட்டார்.

"என்னங்க சம்பந்தி, நெஞ்சு கிஞ்சு வலிக்குதா?"

"அதெல்லாம் இல்லைங்க. பாட்டுக் கேட்டுக்கிட்டு இருக்கேன்."

அவர் தலையை உள்ளே விட்டுப் பார்த்தார். பாட்டு எதுவும் ஓடவில்லை. இஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. "சரி, கேளுங்க" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு உள்ளே போனவர், என் மகளிடம், "ஒங்கப்பாவுக்கு மோரு குடும்மா, வெயிலு ஏறிடுச்சு போல" என்றாராம். மகள் சொம்பு நிறைய மோர் கொண்டுவந்தாள். நானும் குடித்தேன். வேறென்ன செய்வது?

நடந்தது இதுதான். மருமகன் பழைய கார் ஒன்று வாங்கி, டவுனில் ஒரு கடையில் புதுப் பாட்டுச் செட்டு மாட்டியிருக்கிறார். மாட்டிய நாளிலிருந்து பாட்டோடு சேர்ந்து ஒரு சத்தம் வருகிறது. "மாமா பார்த்தா கண்டுபுடிச்சிருவாருன்னு ஒங்க பொண்ணு சொல்லுது" என்று சாவியைக் கொடுத்தார். உட்கார்ந்தேன். பாட்டை நிறுத்தி, செட்டை மட்டும் விட்டு, வண்டியை முடுக்கினேன். ஸ்பீக்கரில் 'ஙீஈ' என்றது. ஆக்சிலேட்டரை மிதித்தால் குரல் ஏறுகிறது. காலை எடுத்தால் இறங்குகிறது. மச்சான், அச்சு அசலாக உன் வெள்ளை வண்டியின் சத்தம். காலை லேசாக வைத்து, ஏற்றி, இறக்கி, ஏற்றி... அதில்தான் வாய் திறந்திருக்க வேண்டும்.

உன் தங்கச்சி செல்வியை நான் கட்டுவதற்கு முன்பே நாம் கூட்டாளிகள். கட்டிய பிறகு உன்னைக் கிண்டல் பண்ண எனக்குப் பட்டா போட்டுக் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது. நீயும் சளைத்தவன் இல்லை. என் கல்யாணப் பந்தியிலேயே, "மாப்ளைக்கு இன்னொரு எலை போடுங்கப்பா, இந்த எலை கிழிஞ்சிருச்சு, வழிச்ச வழியில" என்று ஊர் கேட்கச் சொன்னவன் நீ. உனக்கு எப்போதுமே உரத்த குரல். அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் டிப்பர் ஓட்டிய ஆளுக்கு அப்படித்தான் இருக்கும் என்று நாங்கள் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கல் உடைக்கிற இடத்தில் உன் வாலிபம் முழுக்கப் போனது. அதை விட்டுவிட்டு அந்த வெள்ளை வேன் வண்டியை வாங்கியபோது நீ ராஜா மாதிரி இருந்தாய். காலையிலும் சாயங்காலமும் செந்துறைப் பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளை ஏற்றி இறக்குவாய். நடுவில் வாடகைக்குப் போவாய்.

பிள்ளைகள் பாட்டு கேட்டார்கள். அதற்காகத்தான் செட்டு. திருச்சிக்குப் போய் வாங்கிவந்தாய், சத்தத்தைக் கூட்டித் தர சீட்டுக்கு அடியில் வைக்கிற ஆம்ப் ஒன்றும் சேர்த்து. கடைக்காரனே மாட்டித் தருகிறேன் என்றானாம். நீ விடவில்லை.

"கடையில குடுத்தா கண்ட எடத்துல ஓட்டை போட்டுருவான். நம்ம ரெண்டு பேரும் மாட்டுவோம் மாப்ள."

"எனக்கு வயருன்னா செவப்பு, கறுப்பு. அதுக்கு மேல தெரியாது."

"எனக்கு அதுகூடத் தெரியாது. அதனாலதான் ஒன்னைக் கூப்புடறேன்."

உன் வீட்டு வாசல் புங்கமரத்தடியில் வண்டியை நிறுத்திக் கழற்றினோம். பேட்டரியிலிருந்து வருகிற கரண்டு வயரும், செட்டிலிருந்து ஆம்புக்குப் பாட்டு போகிற வயரும் தனித்தனியாகத் தொங்கினால் பார்க்க நன்றாக இல்லை என்று இரண்டையும் சேர்த்துச் சடை பின்னினாய். உண்மையாகவே பின்னினாய். டிப்பர் ஓட்டிய கைக்கு அவ்வளவு அழகான பின்னல் வரும் என்று எனக்குத் தெரியாது. பிறகு ஆம்பின் எர்த் வயரை வண்டியின் தரையில் இருந்த ஒரு போல்ட்டில் முடுக்கப் போனேன். கையைப் பிடித்துவிட்டாய்.

"பொறு பொறு. புதுசா ஒண்ணு வண்டியில ஏறுது. பொட்டு வைக்காம ஏத்தலாமா?"

உள்ளே போய்க் குழைத்த சந்தனத்தோடு வந்தாய். செட்டுக்கு ஒரு பொட்டு. ஆம்புக்கு ஒரு பொட்டு. ஸ்பீக்கருக்கெல்லாம் பொட்டு. அந்தப் போல்ட்டுக்கும் தாராளமாக ஒரு பொட்டு, அதன் மேல் குங்குமம். அதன் மேல் வயரை வைத்து, "இப்ப முடுக்கு" என்றாய். முடுக்கினேன். கற்பூரமும் காட்டினாய்.

சாவியைத் திருகியதும் பாட்டு கிளம்பியது. கூடவே இதுவும் கிளம்பியது.

"மச்சான், என்னமோ கத்துது."

"எது?"

"பாட்டுக்குப் பின்னால. ஙீஈன்னு."

தலையைச் சாய்த்துக் கேட்டாய். முகத்தில் ஒரு நிறைவு. "அது நாதஸ்வரம்டா" என்றாய்.

அந்தப் பாட்டில் பறையும் ஒரு பொம்பளைக் குரலும் தவிர வேறு எதுவும் இல்லை. நீ என்னை ஓட்டுகிறாய் என்று நினைத்தேன். நான் உன்னை ஓட்டுகிறேன் என்று நீ நினைத்தாய். நம்முடைய பழக்கம் அப்படி. நாம் ஒருவரை ஒருவர் நம்பிப் பேசிய நாள் குறைவு.

அதற்குப் பிறகு அந்தச் சத்தத்தோடுதான் வண்டி ஓடியது. ஜெயங்கொண்டத்திலிருந்து கோயிலுக்குப் போன ஒரு குடும்பம், வழியில் வண்டியை நிறுத்தச் சொல்லி, உள்ளே வண்டு புகுந்துவிட்டது என்று சீட்டையெல்லாம் தூக்கிப் பார்த்தார்களாம். நீயே என்னிடம் சொல்லிச் சிரித்தாய். "ஒரு வண்டும் இல்லடா. கூட்டத்தோட பைத்தியம்." பள்ளிக்கூடப் பிள்ளைகள் உனக்குக் 'கொசு மாமா' என்று பேர் வைத்தார்கள். நீ ஒல்லியாக இருப்பதால்தான் அப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று உனக்கு அதில் பெருமைதான். "ஒடம்ப அப்படி வச்சிருக்கேன், பாத்துக்க" என்று என் தொப்பையைத் தட்டிச் சொன்னாய்.

செல்வி ஒரு தடவை உன் வண்டியில் பெரம்பலூர் வரைக்கும் வந்துவிட்டு இறங்கும்போது, "என்னண்ணே இது, மாவு மில்லுக்குள்ள ஒக்காந்து வந்த மாதிரி இருக்கு" என்றாள். அதற்கும் சிரித்தாய். "புருசனும் பொண்டாட்டியும் பேசி வச்சுக்கிட்டு வர்றீங்களா?" அவள் விடவில்லை. நச்சரித்தாள். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் தொல்லை தாங்காமல், "சரி, வந்து பாத்துத் தொலைங்க" என்றாய்.

அன்றைக்கும் அதே புங்கமரம். நான் பெரம்பலூரில் ஒரு எலக்ட்ரீசியனிடம் கொஞ்சம் விசாரித்துக்கொண்டு வந்திருந்தேன். ஒவ்வொரு வயராகக் கழற்றிப் பார், எதைக் கழற்றினால் சத்தம் நிற்கிறதோ அந்த வழியாகத்தான் உள்ளே வருகிறது என்று சொல்லியிருந்தார். ஒருவன் ஆக்சிலேட்டரை மிதிக்க வேண்டும். இன்னொருவன் ஸ்பீக்கரில் காதை வைத்துக் கேட்க வேண்டும். நான் கேட்கிறேன் என்றேன்.

"ஒன் காதுதான் கோளாறு. நீ மிதி, நான் கேக்கறேன்."

கதவோரம் குந்தி உட்கார்ந்து ஸ்பீக்கரில் காதை வைத்தாய். பென்டிரைவைப் பிடுங்கினோம். சத்தம் அப்படியே இருந்தது. "அடுத்தது" என்றேன். நீ சீட்டுக்கு அடியில் கையை விட்டு எதையோ அசைத்தாய். நான் நன்றாக மிதித்தேன். சத்தம் ஏறி ஏறி, என் பல் கூசியது. நீ ஸ்பீக்கரோடு காதை ஒட்டிவைத்துக்கொண்டு, கட்டைவிரலை உயர்த்தினாய்.

"போச்சு மாப்ள. சுத்தமா நின்னுபோச்சு."

சிரிக்கப் பார்த்தேன். சிரிப்பு வரவில்லை.

உன் முகத்தில் குறும்பு இல்லை. வேலை முடிந்த ஆளின் முகம் அது. அந்த ஒரு நிமிஷத்தில் எனக்கு என்னென்னவோ ஓடியது. பாடாலூர் தாண்டி ஹைவேயில் பின்னால் லாரிக்காரன் ஹாரனில் கையை வைத்து அழுத்திக்கொண்டே வந்தும் நீ ஒதுங்காமல் போனது. அதற்கு நான், ரோடு என்ன ஒங்க அப்பன் வூட்டுச் சொத்தா என்று கேலி செய்தது. பின் சீட்டிலிருந்து கூப்பிட்டால் நீ பேசாமல் இருப்பது. நாங்கள் அதைத் திமிர் என்று பேர் வைத்திருந்தது. அந்த வண்டியில்தான் மறுநாள் காலையில் பிள்ளைகள் ஏறப்போகிறார்கள்.

"மச்சான், சத்தம் நிக்கல."

"நின்னுச்சுடா."

"இப்பவும் கத்துது. நான் இன்னும் மிதிச்சுக்கிட்டுதான் இருக்கேன்."

"சும்மா ஓட்டாத."

செல்வி தள்ளி, குழாயடியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். "செல்வி, கேக்குதா?" என்று கத்தினேன். "இங்க வரைக்கும் கேக்குதுங்க, காதே போயிரும் போல" என்றாள், தலை நிமிராமலே. நீ அவளைப் பார்த்தாய். பிறகு என்னைப் பார்த்தாய். எங்கள் இரண்டு பேரில் யார் முதலில் சிரிக்கிறார்கள் என்று காத்திருந்தாய். நான் காலை எடுத்தேன்.

"அப்ப எனக்குத்தான் கேக்கலயா?"

  நீ சாவியைத் திருகி இஞ்சினை நிறுத்தினாய். கையைத் துடைத்தாய். "சாப்புட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாய். வெளியே வரவில்லை. நாங்களும் சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறினோம். வழி முழுக்கச் செல்வி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். இறங்கும்போது, "ஸ்டீரிங்க விடச் சொன்னா எங்கண்ணன் செத்துருவாருங்க" என்றாள். "சொல்லாம விட்டா?" என்று கேட்டேன். அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. விடிந்தும் விடியாமல் உன் போன் வந்தது. "மொத பஸ்ஸ புடிச்சு வா."

நான் வந்தபோது நீ வண்டியில் உட்கார்ந்திருந்தாய், இடது பக்க சீட்டில். சாவி ஸ்டீரிங்கில் தொங்கியது. அந்தப் பக்கம் உன்னைப் பார்த்ததே இல்லை. பொண்ணு பார்க்கப் போகிறவன் மாதிரி கையைத் தொடையில் வைத்துக்கொண்டு இருந்தாய்.

"ஒனக்கு லைசென்சு இருக்குல்ல? ஓட்டு."

"மச்சான்..."

"புள்ளைங்க இருக்குற வண்டிடா. பின்னாடி ஒருத்தன் அடிக்கிற ஹாரன் எனக்குக் கேக்கலன்னா என்னா பண்றது? ராத்திரி பூரா அதத்தான் நெனச்சேன். ஓட்டு."

அவ்வளவுதான் நீ சொன்னது. நான் வண்டியை எடுத்தேன். முதல் நிறுத்தத்தில் ஏறிய ஒரு பெண் பிள்ளை, "கொசு மாமா ஏன் இந்தப் பக்கம் ஒக்காந்திருக்காரு?" என்று கேட்டது. உனக்குக் கேட்கவில்லை. "என்னா சொல்லுது புள்ள?" என்று என்னைக் கேட்டாய். தோளைத் தட்டிக் காதில் சொன்னேன். நீ திரும்பி, "ஏன்டி என்னைக் கொசுன்னு கூப்புடறீங்க? ஒல்லியா இருக்கேன்னுதானே?" என்றாய்.

"இல்ல மாமா. ஒங்க வண்டி கொசு மாதிரி கத்துமே, அதான்."

இதை நான் மறுபடி உன் காதில் சொல்ல வேண்டியிருந்தது. கேட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். தோள் குலுங்கியது. சிரிக்கிறாயா இல்லையா என்று ஓட்டுகிற எனக்குத் தெரியவில்லை. பள்ளிக்கூடம் வந்ததும் பார்த்தேன். சிரிப்புதான். கொஞ்சம் ஈரமான சிரிப்பு.

பெரம்பலூரில் காது டாக்டர் கேட்ட முதல் கேள்வியே, "கல்லு ஒடைக்கிற எடத்துல வேலை பாத்தீங்களா?" என்பதுதான். கூர்மையான சத்தம்தான் முதலில் போகுமாம். பேச்சு ஓரளவு கேட்டுக்கொண்டே இருக்குமாம். அதனால் போனது தெரியாதாம். டிப்பரில் ஜன்னல் பக்கம் இருந்த வலது காது ரொம்ப மோசம், இடது பரவாயில்லை என்றார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஸ்டீரிங்கில் உட்கார்ந்தால் உன் நல்ல காது எங்கள் பக்கம் இருந்தது. அதை வைத்துத்தான் இவ்வளவு நாளும் எங்களை ஏமாற்றியிருக்கிறாய், உனக்கே தெரியாமல்.

காது மிஷின் வந்த அன்று, டாக்டரிடமிருந்து நேராக வண்டிக்கு நடந்தாய். கதவைச் சாத்தினாய். "போடு" என்றாய். இஞ்சினை முடுக்கினேன். செட்டைப் போட்டேன். மெதுவாக மிதித்தேன்.

நீ விறைத்து உட்கார்ந்தாய்.

"மாப்ள, இதுவா?"

"இதான்."

"இன்னும் மிதி."

மிதித்தேன்.

"அடப்பாவிகளா. இதோடயா அந்தப் புள்ளைங்க தெனமும் வந்துச்சுங்க?" என்றாய். பிறகு ஸ்பீக்கரைத் தொட்டுப் பார்த்தாய். "ஆனா நல்லா கத்துதுடா" என்றாய். உன் குரலில் அவ்வளவு சந்தோஷம். சரி செய்யலாமா என்று கேட்டேன். "இருக்கட்டும். எல்லாரும் கேட்டாச்சு. நானும் கொஞ்ச நாளு கேக்கறேன்" என்றாய். ஒரு வாரம் நான் ஓட்ட, நீ பக்கத்தில் உட்கார்ந்து அந்த ஙீஈயைக் கச்சேரி மாதிரி கேட்டுக்கொண்டு வந்தாய். மேடு ஏறும்போது தலைகூட ஆட்டினாய்.

பிறகுதான் அவிழ்த்தோம். உன் சடைப் பின்னலைப் பிரித்து, கரண்டு வயரை ஒரு பக்கமும் பாட்டு வயரை மறு பக்கமுமாகக் கொண்டுபோனோம். சத்தம் பாதி குறைந்தது. மீதி எங்கே என்று தேடித் தேடி அந்தப் போல்ட்டுக்கு வந்தோம். எர்த் வயரைத் தூக்கினால், அடியில் சந்தனம் ஓடு மாதிரி காய்ந்து கிடக்கிறது. அதற்கும் அடியில் பெயிண்டு. வயர் இரும்பையே தொடவில்லை. உப்புத்தாளை வைத்துப் போல்ட்டும் தரையும் பளபளக்கிற வரைக்கும் தேய்த்தேன். நீ வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தாய், ஏதோ சாமி குத்தம் நடக்கிற மாதிரி.

"சந்தனம் வச்சது தப்பாடா?"

"சாமிக்கு வச்சது தப்பில்ல. கரண்டு நடந்து வர்ற வாசல்ல கொண்டுபோயி அப்பிட்ட."

முடுக்கினேன். வண்டியைப் போட்டோம். பாட்டு மட்டும் வந்தது. நீ மிஷினைத் திருகித் திருகிப் பார்த்தாய். பிறகு உள்ளே போய்ச் சந்தனம் எடுத்துவந்து, முடுக்கிய போல்ட்டின் தலைமேல் பொட்டு வைத்தாய். நான் தடுக்கவில்லை.

மிஷின் மாட்டிக்கொண்டு ஓட்டலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வாடகைக்கு நீ ஓட்டவும் செய்தாய். பிள்ளைகள் இருக்கும்போது மட்டும் கடைசிவரை ஸ்டீரிங்கைத் தொடவில்லை. நான் ஓட்ட, இடது பக்கத்தில் உட்கார்ந்து பாட்டு மாற்றுவதோடு சரி. கேட்டால், "புள்ளைங்க விசயத்துல எனக்கு என் காது மேல நம்பிக்கை இல்ல மாப்ள" என்பாய். என் கிண்டல் அதிகமானால் மட்டும் மிஷினைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "இப்பப் பேசு" என்பாய். என்னை ஜெயிக்க உனக்கு அப்படி ஒரு வழி கிடைத்தது. போன மழைக்காலத்தில் நெஞ்சு வலி என்று படுத்தவன், நான் திருப்பிப் பேச எந்த வழியும் இல்லாத மாதிரி ஜெயித்துவிட்டுப் போனாய்.

மருமகன் காரில் என்ன கோளாறு என்று எனக்கு உட்கார்ந்த உடனேயே தெரியும். ஆனாலும் திருச்சியிலிருந்து ஒரு சாமான் வரவேண்டும் என்று சொல்லி வைத்தேன். இன்னும் ஒரு தடவை, இன்னும் ஒரு தடவை என்று போய்க் கேட்டேன். நேற்று முன்தினம் அவர் வேலைக்குப் போய்விட்ட பிறகு, எர்த் போல்ட்டின் பெயிண்டைச் சுரண்டி முடுக்கினேன். நின்றுவிட்டது. கார் சும்மா இருந்தது. சாவியைக் கொண்டுபோய் மகளிடம் கொடுத்தேன்.

பிள்ளைகள் வண்டியை இப்போதும் நான்தான் ஓட்டுகிறேன். இடது பக்க சீட்டில் யாரையும் உட்காரச் சொல்வதில்லை, தானாக யாராவது உட்கார்ந்தால் சரி. நீ அங்கே உட்கார்ந்த நாளிலிருந்து உன் மோசமான காதுதான் என் பக்கம் இருந்தது. தோளைத் தட்டி, வாயை அகலத் திறந்து, உரக்கச் சொல்லிச் சொல்லி எனக்கு அதுவே பேச்சாகிவிட்டது. வீட்டில் செல்வியிடம் தண்ணீர் கேட்டாலும் தெருவுக்கே தெரிகிறது. "அண்ணன் போயிட்டாருங்க. எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது" என்கிறாள். பிறகு அவளே, "சரி, அப்படியே பேசுங்க" என்கிறாள். நானும் மாற்றிக்கொள்ளப் போவதில்லை. எனக்கு உன்னிடமிருந்து வந்த சொத்து அது ஒன்றுதான்.

இன்று காலை லைசென்ஸ் புதுப்பிக்க டாக்டரிடம் போயிருந்தேன். கண் பார்த்தார். காதுக்குப் பின்னால் நின்று ஏதோ முணுமுணுத்தார், திருப்பிச் சொன்னேன். ஸ்டெதஸ்கோப்பை மாட்டிக்கொண்டு குழாயை என் நெஞ்சில் வைத்து, "வேற ஏதாவது தொந்தரவு இருக்கா?" என்று கேட்டார். நான் அவர் தோளைத் தட்டி, "ஒண்ணும் இல்லைங்க சார்" என்று உன்னிடம் சொல்வது மாதிரியே சொன்னேன். அவர் ஸ்டெதஸ்கோப்பைக் காதிலிருந்து பிடுங்கி, எழுந்து ஜன்னலோரம் போய்க் காதைத் தேய்த்துக்கொண்டு நின்றார். என் காது நன்றாக இருப்பதாகச் சர்டிபிகேட்டில் எழுதிக் கொடுத்தார். அவருடைய காதைப் பற்றி எழுத அதில் இடம் இல்லை.